தையல் கம்பெனி என்று எழுதிக் கொடுத்தேன்

என் முத்துமாரி அக்காவுக்கு,

இதை எழுதுவதற்கே முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத உனக்கு ஒரு முகவரி இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். இப்போது எழுதினால் எங்கே போய்ச் சேரும் என்றும் தெரியவில்லை. நீ போய் ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகிவிட்டன. ஆனால் நாளைக் காலை பத்தரை மணிக்குக் கோவில்பட்டி கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். உன்னிடம் பேசாமல் அந்தப் படியில் கால் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

வேறு யாராவது இதைப் படித்தாலும் படிக்கட்டும். நாளைக்குப் பிறகு நம் வீட்டில் ஒளித்துவைக்க எதுவும் மிஞ்சாது.

அம்மா நாளைக்கு உடுத்தப்போகும் சேலையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அப்படி வைத்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்குமாம். வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் ஒருநாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"எம் பிள்ளைக்கு நடக்க கேஸுக்கு நான் வராம ஊர்க்காரியா வருவா? நீ சொல்லுதத சொல்லு. நான் ஒரு ஓரமா ஒக்காந்துக்கிடுதேன்."

அந்த ஓரத்தில் உட்கார்ந்து அம்மா எதைக் கேட்கப்போகிறாள் என்பதுதான் அக்கா என் கவலை.

நீ புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் தைத்தாய், வேலை முடிந்து கம்பெனி வேனில் வரும்போது வேன் கவிழ்ந்து செத்துப்போனாய். அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு நடப்பதும் அந்த வேன் கவிழ்ந்ததற்கான கேஸ் என்றே நினைத்திருக்கிறாள். அங்கே நீ தைத்தது ஆறே மாதம். மீதி நாலு வருஷமும் ஆடல் பாடல் குழுவில் 'பிரியா' என்ற பெயரில் ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் மேடையேறி ஆடினாய். அதை நம் வீட்டில் நான் மட்டும்தான் அறிவேன். நாளை நான் உண்மையைச் சொன்னால், அம்மா அதை ஊர் முன்னால் முதன்முதலாகக் கேட்பாள். சொல்லாவிட்டால், உன்னோடு அதே வேனில் வந்து கால் போன ஜெயா தான் போட்ட வழக்கில் தோற்றுப்போவாள்.

நீயாக என்னிடம் சொல்லவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தைக்கிறவர்களுக்கு வேலை குவிவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால். அப்போதெல்லாம் நீ வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பேன் பார்த்தாய். பங்குனி, சித்திரை, ஆடி என்று கொடை நடக்கும் மாதங்களில் உன் முகத்தையே பார்க்க முடியாது. அம்மாகூட ஒருமுறை கேட்டாள்.

"சித்திரையில எவன்ட்டி புதுத்துணி எடுக்கான்?"

"எக்ஸ்போர்ட்டும்மா. அமெரிக்காக்காரனுக்கு ஏது தீபாவளி?"

அம்மா அதை அடுத்த வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாள். நான் உன் தோளைப் பார்த்தேன். காறை எலும்புக்குக் கீழே சின்னச் சின்னதாக ஊசி குத்திய தடம். கேட்டால், "குண்டூசி குத்திட்டு, கம்பெனின்னா அப்படித்தான்" என்றாய். தைக்கிறவளுக்கு விரலில்தானே குத்தும், தோளில் எப்படிக் குத்தும்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியில் என் பார்வையைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். "ஒன்னய காலேஜுக்கு அனுப்புனது தப்பாப் போச்சுட்டி. வாய் பேசாம கண்ணால கேக்க."

அந்தச் சித்திரையில்தான், உடை மாற்ற உதவும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று என்னை ஒரு புரோகிராமுக்குக் கூட்டிப்போனாய். "கம்பெனியக் காட்டிட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொன்னாய். ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊர். நம் ஊர் பசுவந்தனையைச் சுற்றி முப்பது மைலுக்குள் ஆடமாட்டேன் என்று குழு ஓனரிடம் நீ முதலிலேயே சொல்லிவைத்திருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கே போய் இறங்கினோம். தங்கக் கொடுத்த இடம் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நான் தண்ணீர் கேட்டேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். "இப்ப குடிக்காத. இங்கன ஒதுங்க எடம் கெடையாது. விடியுத வரைக்கும் தாங்கணும்." நீங்கள் ஐந்து பேரும் மதியத்திலிருந்து நாக்கை நனைப்பதோடு சரி என்று அப்போதுதான் புரிந்தது. மேடையில் நாலு மணி நேரம் குதித்து ஆடப்போகிறவர்கள், சித்திரை வெயிலில்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குள் உடை மாற்ற வேண்டும். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, நீ ஒன்றைக் கழற்றி ஒன்றுக்குள் நுழைந்தாய். எல்லாம் நீயே தைத்தவை. தோள்பட்டைக்கு உள்ளே, சட்டைக் காலருக்கு வைக்கிற தடித்த கேன்வாஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தாய். எதற்கு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அன்பளிப்பு என்று மேடையேறி வந்து ரூபாய் நோட்டை ஊக்கில் கோர்த்து ஆடுகிறவள் மேலேயே குத்துகிறார்கள். குத்துகிற சாக்கில் கை எங்கெல்லாமோ போகிறது. மாலையில் கோயில் வாசலில் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே வெள்ளை வேட்டிகள்.

ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு இறங்கவே இல்லை. நீ ஆட்டத்தை நிறுத்தாமல் மைக்கை வாங்கினாய்.

"அண்ணாச்சி, நோட்டக் குத்துதீங்களா, எடம் தேடுதீங்களா? தேடுங்க தேடுங்க. மதினி முன்னால ஒக்காந்து நீங்க எறங்குததுக்குத்தான் காத்திருக்காவ!"

பெண்கள் பக்கத்திலிருந்துதான் பெரிய சிரிப்பு வந்தது. அந்த ஆள் இறங்கிப் போனார். உன் கால் ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் வந்தபோது உன் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. "பயமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "சிரிக்க வச்சிட்டா சண்டைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டமாட்டான். சிரிப்பு வரலைன்னா என்ன செய்யன்னு எனக்கும் தெரியாது," என்றாய்.

அடுத்த உடையை எடுத்து உன்னிடம் நீட்டினேன்.

விடியும்போது வேனில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினீர்கள். ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி இறக்கிய டிரைவர் அண்ணன்தான் வண்டியும் ஓட்டினார். ஜெயா மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். டிரைவர் கண் அசந்துவிடாமல் பேச ஓர் ஆள் வேண்டும். அதை முறை வைத்து மாற்றிக்கொள்வீர்கள் என்றாய். நிகழ்ச்சி நிரல் மாதிரி அதுவும் வேலையில் சேர்த்தி.

போன வருஷம் பங்குனியில் ஓனர் மூன்று நாளுக்கு மூன்று ஊர் பிடித்திருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் பேச வேண்டிய முறை உன்னுடையது. பேசிக்கொண்டேதான் இருந்தாய் என்று ஜெயா சொல்கிறாள். அம்மாவின் தீப்பெட்டி ஆபீஸ் கதையைச் சொன்னாயாம். நீ பேசியும் அவர் கண் அசந்துவிட்டது. வண்டி ஓடைக்குள் இறங்கியது. நீயும் அவரும் அங்கேயே.

எனக்கு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஆள் வந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் உன் கையில் கட்டியிருந்த சீட்டில் 'பிரியா, வயது சுமார் 25' என்று இருந்தது. அது என் அக்கா முத்துமாரி என்றேன். போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "படிச்ச பிள்ளையா இருக்கியே, நீயே எழுதிக் குடும்மா," என்று தாளை நீட்டினார். கூட வந்திருந்த அம்மா வெளியே வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா அக்கா?

'என் அக்கா புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் வேலை பார்த்துவந்தார். ஊருக்கு வருவதற்காக வழியில் அந்த வேனில் ஏறியிருக்கிறார். மேற்படி நடனக் குழுவுக்கும் என் அக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' கல்லூரியில் என் கையெழுத்தைப் புகழ்வார்களே, அந்தக் கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். கீழே பெயர் போட்டுப் பக்கத்தில் பி.ஏ. என்றும் எழுதினேன். அந்த பி.ஏ.வுக்கு நீ எத்தனை ஊக்குக் குத்து வாங்கினாய் என்று தெரிந்தே எழுதினேன்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. அம்மா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். 'நடனக் குழுவினர் சென்ற வேன்' என்று இருந்ததை 'தையல் கம்பெனி வேன்' என்று படித்தேன். அம்மா தலையாட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் படித்தேன். நம் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் படித்த படிப்பு அது.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று யோசிக்கவில்லை.

இப்போது ஜெயா வழக்குப் போட்டிருக்கிறாள். வேலைக்குப் போய்வந்தபோது கால் போனது, வேலை கொடுத்தவர்தான் பொறுப்பு என்கிறாள். ஓனர் என்ன சொல்கிறார் தெரியுமா? தான் யாரையும் வேலைக்குக் கூட்டிப்போகவில்லை, அந்தப் பெண்கள் தாங்களாகவே வண்டி பிடித்துக் கோயிலுக்குப் போனவர்கள், வழியில் போனவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். செத்துப்போனவளின் சொந்தத் தங்கையே, பட்டதாரிப் பெண், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறார். வேனில் வந்த மற்ற மூன்று பெண்களும் வேறு குழுக்களில் ஆடுகிறார்கள். வாய் திறந்தால் எந்த ஓனரும் அவர்களைக் கூப்பிடமாட்டான். கொடை நோட்டீஸில் 'பிரியா' என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் பிரியாதான் முத்துமாரி என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

போன மாதம் ஓனர் நம் வீட்டுக்கே வந்தார். கை நிறைய ஆரஞ்சுப் பழம். வாசலில் நின்று, "நான் கம்பெனி மேனேஜரும்மா," என்றார். அம்மா ஓடிப்போய்ப் பாய் விரித்தாள். கலர் சோடா வாங்கிவர என்னை அனுப்பப் பார்த்தாள். நான் நகரவில்லை.

"எம் பிள்ளை நல்லாத் தைப்பாளாய்யா?"

"ஏ யம்மா, என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! ஒங்க பிள்ளை கை வச்சா அதுல கொறை சொல்ல ஆள் கெடையாது. அவிய போனதுல இருந்து எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சிரிப்பு.

"டீச்சரம்மா நல்லா எழுதுவாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒருக்க எழுதுனத மாத்தாம இருக்கதுதான் படிச்சவங்களுக்கு அழகு. இல்லையாம்மா? பாவம், பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்."

"நீங்க சொல்லுதது சரிதான்யா," என்றாள் அம்மா, எதற்கென்று தெரியாமலே.

அவர் போன பிறகு அம்மா ஆரஞ்சை உரித்து என் வாயில் ஊட்டினாள். "எவ்வளவு தங்கமான மனுசன் பாரு. ஒங்கக்கா நல்ல எடத்துலதான் இருந்திருக்கா." அந்தச் சுளையை நான் விழுங்கினேன் அக்கா. துப்பியிருக்க வேண்டும்.

ஜெயா நம் வீட்டுக்கு வரவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"பயப்படாத, ஒங்கிட்டச் சண்டைக்கு வரல. ஒத்தக் கால வச்சிக்கிட்டு எவகூட சண்டை போட?" என்று அவளே சிரித்தாள். "ஒரு குழுக்காரன் சொல்லுதான், ஒத்தக் கால்ல ஆடுனா புதுசா இருக்கும், கூட்டம் வரும்னு. செருப்பு ஒண்ணுதான் இருக்கு, அதக் கழத்தி அடிச்சிட்டா வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு விட்டுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பிரியா என்ன ஆளு, நாங்க என்ன ஆட்டம் ஆடுனோம், அதெல்லாம் நீ சொல்ல வேண்டாம். நாங்க வேலைக்குப் போனோமா இல்லையா? அத மட்டும் சொல்லு. ராத்திரி பூரா கண் முழிச்சுச் செஞ்சது வேலை இல்லைன்னா பெறகு எதுதான் வேலை?"

"அம்மா வருவாங்க, ஜெயாக்கா."

பஸ் வந்தது. கண்டக்டர் அவளைப் பிடித்து ஏற்றினார். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள். "எங்கம்மாவும் இருக்காவ. அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. செத்தா போயிட்டாவ?"

ஜெயாவின் வக்கீல் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே, அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களான்னுதான் கேப்பார். அழக்கூடாது. அன்னைக்குச் சொன்னதுதான் பொய்னு தெளிவாச் சொல்லணும்." அதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். சொன்னேன். "சத்தமா," என்றார்கள். மறுபடி சொன்னேன். "இன்னும் சத்தமா. ஜட்ஜுக்கே கேக்காது." உனக்குத்தான் தெரியுமே, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே என் குரல் எழும்பாது. மைக் பிடித்து ஆயிரம் பேரை அடக்கிய உன் தொண்டையில் பாதியாவது எனக்கு வந்திருக்கக் கூடாதா?

ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். அம்மா அதைக் கோர்ட்டில் ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் வாயிலிருந்து கேட்கக் கூடாது. இன்று விளக்கு வைத்த பிறகு, சோறு போடுவதற்கு முன், நானே சொல்லப்போகிறேன். என்னை அடிப்பாளோ, நாளைக்கு வரமாட்டேன் என்பாளோ, நீயும் போகாதே என்று கதவைப் பூட்டுவாளோ, தெரியவில்லை. சுவரில் இருக்கும் உன் போட்டோவை இறக்கிவிடுவாளோ? அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அவள் என்ன செய்தாலும் சரி. நாளைக்கு நான் போவேன். என் அக்கா முத்துமாரிதான் பிரியா, அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்போதுதான் செத்தாள், ஜெயாவும் வேலைக்குத்தான் போனாள், எழுதிக் கொடுத்தது நான் சொன்ன பொய் என்று ஜட்ஜ் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனி, இத்தனை பக்கம் எழுதியும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்கிறேன்.

குடும்ப கஷ்டத்துக்காகப் போனாள் என்று சொல்லுங்கள், கோர்ட்டும் இரங்கும், உங்கள் அம்மாவும் மனம் ஆறுவார்கள் என்கிறார்கள் வக்கீல் அம்மா. அது பொய்யில்லை. ஆனால் அன்று ராமநாதபுரம் பக்கத்தில் நான் இன்னொன்றும் பார்த்தேன். கூட்டம் பாதி கலைந்துவிட்டது. நோட்டுக் குத்த யாரும் இல்லை. கடைசிப் பாட்டுக்கு நீ தனியாக வந்தாய். முன்னால் தூங்கி விழுகிற சில பெண்களும் குழந்தைகளும்தான். நீ யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காலோடு, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு ஆடினாய். அவ்வளவு அழகாக ஒருவரை நான் பார்த்ததே இல்லை. டார்ச்சை அணைக்க மறந்து நின்றேன். இறங்கி வந்ததும் என்னைப் பார்த்து, திருடி அகப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதைப் பற்றி நாம் இரண்டு பேருமே பேசிக்கொண்டதில்லை.

நீ ஆடி அம்மா பார்த்ததே இல்லை. நீ கஷ்டத்துக்குப் போனாய் என்று மட்டும் சொன்னால், அவள் மனதில் நீ காலம் முழுக்க அழுதுகொண்டே ஆடுவாய். அதனால் கேட்கிறேன். உனக்கு அது பிடித்திருந்தது என்பதையும், நீ நன்றாக ஆடினாய் என்பதையும் அம்மாவிடம் சொல்ல எனக்குச் சம்மதம் கொடு அக்கா.

உன் வயிற்றில் பிறக்காவிட்டாலும் உன் கையில் வளர்ந்த பிள்ளை,
உன் தங்கச்சி.